கப்பலோட்டிய தமிழனின் கம்பனி: முதலாளி இல்லாத நாளில் என்ன நடந்தது?

வ.உ. சிதம்பரம்பிள்ளை என்ற பெயரைக் கேட்டதும் எமக்கு ஞாபகம் வருவது சிறைச்சாலையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்த மனிதர். 1961 இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படம் அந்தக் காட்சியை எமது பெற்றோரின் மனதில் பதித்துவிட்டது. ஆனால் அவர் பங்குதாரர்களின் பணத்தில் ஒரு கம்பனியை நடத்தியவர், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர், தன்னைவிடப் பல மடங்கு பெரிய போட்டியாளரோடு கட்டணப் போர் செய்தவர் என்ற பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கம்பனியின் கப்பல்கள் ஓடியது தூத்துக்குடிக்கும் எமது கொழும்புக்கும் இடையில்தான். அதில் ஆகப் பெரிய பங்கை வாங்கியவர் ஒரு முஸ்லிம் வர்த்தகர். எனவே இது எமக்குத் தூரத்துக் கதை அல்ல.

இந்தக் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய எமது கரையோர ஊர்களின் வியாபாரிகள் இருபது வருடங்களுக்குள் மூன்று தடவை அடி வாங்கியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2020 இல் கொரோனா கடைகளைப் பூட்டியது. 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியது, டீசல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது, மருதமுனையின் கைத்தறிக்காரர்கள் நூலுக்கு அலைந்தார்கள். இந்த அடிகளில் சில கடைகள் தப்பின. சில கடைகள் கதவை மூடின. மூலதனம் மட்டும்தான் இதற்குக் காரணமா என்ற கேள்வி என்னிடம் இருந்தது. சிதம்பரம்பிள்ளையின் கம்பனியைப் படிக்கும்போது வேறொரு காரணமும் தெரிகிறது.

வக்கீல் வியாபாரியானார்

சிதம்பரம்பிள்ளை 1872 செப்டெம்பர் 5 ஆம் திகதி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாதபிள்ளை வக்கீல். மகனும் சட்டம் படித்து வக்கீலானார். ஏழைகளுக்குப் பணம் வாங்காமல் வழக்காடுவதும், பொலிஸாருக்கு எதிரான வழக்குகளில் தயங்காமல் நிற்பதும் அவருடைய வழக்கமாக இருந்தன. 1900 இல் தூத்துக்குடி நகரத்துக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார்.

தூத்துக்குடி அப்போது எமது நாட்டுக்கான வாசல். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து கொழும்பு புறக்கோட்டைக்கு வந்து கடை வைத்த கரையோரச் சோனகர்களும், மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களும், அரிசியும் புடவையும் கடந்து வந்த பாதைகளில் அது முக்கியமானது. அந்தக் கடற்பாதை முழுவதும் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பனியின் கையில் இருந்தது. அந்தக் கம்பனி சொன்னதே கட்டணம். உள்ளூர் வர்த்தகர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. தூத்துக்குடியில் அதன் முகவராக இருந்த ஹார்வி நிறுவனம்தான் அங்கிருந்த கோரல் நூற்பாலையையும் நடத்தியது. இந்த ஒரு விடயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்தவை விளங்குவதற்கு இது தேவை.

1905 இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது சுதேசி இயக்கம் எழுந்தது. வெளிநாட்டுத் துணியை எரித்தால் போதாது, எமது கையால் உற்பத்தி செய்யவும் விற்கவும் வேண்டும் என்பதுதான் சிதம்பரம்பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். நெசவுச்சாலை ஒன்றையும் சுதேசிப் பொருட்களுக்கான பண்டகசாலை ஒன்றையும் ஆரம்பித்தார். அதன் பிறகு அவருடைய கண் கடலுக்குப் போனது.

பத்து இலட்சம் ரூபா கம்பனி

சுதேசி நீராவிக் கப்பல் கம்பனி 1906 ஒக்டோபர் 16 ஆம் திகதி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. ஒரு பங்கு 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வர்த்தகர் தனியொருவராக 8,000 பங்குகளை வாங்கினார். அதாவது 2 இலட்சம் ரூபா, முழு மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சிதம்பரம்பிள்ளையின் பதவி உதவிச் செயலாளர் என்பதே. பதவி சிறியது. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றதும், கப்பல் தேடியதும், பயணிகளையும் சரக்கையும் பிடித்ததும் அவர்தான்.

25 ரூபாப் பங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய செல்வந்தர்கள் பத்துப் பேரைப் பிடித்து முடித்திருக்கலாம். ஆனால் பங்கைச் சிறியதாக வைத்ததால் சாதாரண கடைக்காரரும் உரிமையாளராக வர முடிந்தது. அந்தக் கடைக்காரர் தன் சரக்கைத் தன் கப்பலில்தானே ஏற்றுவார்? வாடிக்கையாளரையே பங்காளியாக்கிய இந்த ஏற்பாடு வரப்போகும் போரில் கம்பனிக்குப் பெரிய பலமாக இருந்தது.

முதல் அடி: வாடகைக் கப்பல் பறிபோனது

கம்பனியிடம் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த கப்பல்களை ஓட்டினார்கள். வெள்ளையர் கம்பனி ஷா லைனுக்கு நெருக்குதல் கொடுத்தது. வாடகைக் கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்த கம்பனி இருக்கிறது, ஊழியர்கள் இருக்கிறார்கள், பங்குதாரர்கள் இருக்கிறார்கள், ஆனால் கடலில் ஓடுவதற்கு எதுவும் இல்லை.

இந்த இடத்தில் பல கம்பனிகள் கணக்கை மூடியிருக்கும். சிதம்பரம்பிள்ளை இரண்டு வேலைகளைச் செய்தார். முதலாவது, உடனடித் தேவைக்குக் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். சேவை நின்றுவிட்டது என்ற செய்தி பரவினால் வாடிக்கையாளர் ஒரே வாரத்தில் பழைய கம்பனிக்குத் திரும்பிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது, இனிமேல் மற்றவரின் கப்பலை நம்புவதில்லை என்று முடிவெடுத்துச் சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது அவருடைய மகன் நோயுற்றிருந்தான், மனைவி கர்ப்பமாக இருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கப்பலோடு வருவேன், இல்லையேல் வரமாட்டேன் என்ற உறுதியோடு அவர் போனார்.

1907 இல் கப்பலோடு வந்தார். எஸ்.எஸ். காலியா என்ற அந்தக் கப்பலைத் தொடர்ந்து எஸ்.எஸ். லாவோ என்ற இன்னொரு கப்பலும் வந்தது. காலியாவில் முதலாம் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணம் செய்யலாம். 4,000 மூடை சரக்கு ஏற்றலாம். தூத்துக்குடித் துறைமுகத்தில் அன்று பெருநாள் போல இருந்தது.

இரண்டாவது அடி: இலவசப் பயணம், கையில் ஒரு குடை

போட்டி இப்போது விலையில் தொடங்கியது. வெள்ளையர் கம்பனி ஒரு பயணிக்கான கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. அதாவது 16 அணா. சுதேசிக் கம்பனி 8 அணாவுக்கு இறங்கியது. அதற்குப் பதிலாக வெள்ளையர் கம்பனி இலவசமாகவே ஏற்றிச் செல்வதாக அறிவித்து, ஏறும் பயணிக்கு ஒரு குடையும் கொடுத்தது.

எமது பஸாரில் இதை நாம் பார்த்திருக்கிறோம். பெரிய முதல் உள்ளவர் ஒரு வருடம் நட்டத்துக்கு விற்றாலும் தாங்குவார். சிறிய முதல் உள்ளவர் மூன்றாவது மாதத்தில் கடையைக் கொடுத்துவிடுவார். விலைக் குறைப்பின் நோக்கம் வாடிக்கையாளருக்கு நன்மை செய்வது அல்ல. போட்டியாளர் போன பிறகு அந்த விலை திரும்பவும் ஏறும்.

குடையும் இலவசப் பயணமும் கிடைத்தபோதும் பெருந்தொகையான மக்கள் பணம் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். அதற்குக் காரணம் நாட்டுப்பற்று. கூடவே, பங்கு அவர்களுடையது, கப்பல் அவர்களுடையது. சிதம்பரம்பிள்ளை ஊர் ஊராகப் போய் இந்தக் கணக்கை மக்களுக்கு விளக்கினார். இன்று குடை வாங்கினால் நாளை அதன் விலையைக் கட்டணத்தில் கட்டுவீர்கள் என்பதைச் சாதாரண மனிதருக்கும் புரியவைத்தார். நெருக்கடியை மறைக்காமல் வாடிக்கையாளருக்கும் பங்குதாரருக்கும் வெளிப்படையாகச் சொன்னது அவருடைய பெரிய பலம். ஆனாலும் கம்பனியின் பணம் கரைந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை.

தொழிலாளர் பக்கம் நின்றவர்

1908 பெப்ரவரி 27 ஆம் திகதி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், விடுமுறை இல்லாமை என்பன அவர்களுடைய முறைப்பாடுகள். சிதம்பரம்பிள்ளையும் அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். வேலையில்லாத நாட்களில் தொழிலாளரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக நகரத்தில் பணம் சேர்த்தார்கள், மாற்று வேலை தேடிக் கொடுத்தார்கள். பத்து நாட்களுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் ஆரம்பகால வெற்றிகளில் இது ஒன்று.

ஒரு கம்பனியை நடத்துபவர் இன்னொரு நிறுவனத்தின் தொழிலாளருக்காகத் தெருவில் நின்றது அபூர்வமான விடயம். அந்த மனிதரின் மனதை இது காட்டுகிறது. ஆனால் அவர் அடித்த இடத்தையும் பார்க்க வேண்டும். நூற்பாலையின் உரிமையாளர்தான் போட்டிக் கப்பல் கம்பனியின் முகவர் என்பதை மேலே குறிப்பிட்டேன். கடலில் ஒரு போர் முடியாமல் இருக்கும்போதே கரையில் அதே எதிரியோடு இரண்டாவது போர் தொடங்கிவிட்டது. வர்த்தகப் போட்டியாக இருந்தது இப்போது அரசாங்கத்தின் பிரச்சினையானது.

கம்பனியின் பணிப்பாளர்கள் சிலருக்கு அவருடைய அரசியல் ஆரம்பத்திலிருந்தே உறுத்தலாக இருந்தது. அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மற்றவர்களின் பணத்துக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. மறுபக்கம், அந்த அரசியல் இல்லாவிட்டால் கம்பனியே இல்லை என்பதும் உண்மை. மக்கள் பங்கு வாங்கியதும் குடையை மறுத்ததும் அந்த உணர்வினால்தான். எனவே அரசியலை விட்டிருக்க வேண்டும் என்று இலேசாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. நான் கேட்பது வேறு கேள்வி. சிறை வரும் என்று தெரிந்த மனிதர், தான் இல்லாத நாளுக்குக் கம்பனியை ஆயத்தம் செய்தாரா?

மூன்றாவது அடி: 1908 மார்ச் 12

விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டங்களை அடுத்து, மார்ச் 12 ஆம் திகதி சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். அடுத்த நாள் திருநெல்வேலி கொந்தளித்தது. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 ஆம் திகதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இராஜதுரோகத்துக்கு 20 வருடம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருடம், மொத்தம் 40 வருடங்கள் நாடுகடத்தல். மேன்முறையீட்டில் அது 6 வருடங்களாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் அடைக்கப்பட்டார். செக்கிழுத்தது கோயம்புத்தூரில்.

வெளியில் கம்பனி என்னவானது? கப்பல்கள் இருந்தன. பணிப்பாளர் சபை இருந்தது. பங்குதாரர்கள் இருந்தார்கள். ஆனால் மக்களோடு பேசுவதற்கு ஆள் இல்லை. பங்கு விற்பதற்கு ஆள் இல்லை. அதிகாரிகளின் கெடுபிடியை எதிர்த்து நிற்பதற்கு ஆள் இல்லை. பயந்தவர்கள் ஒதுங்கினார்கள். 1911 இல் கம்பனி கலைக்கப்பட்டது. அவர் குடும்பத்தை விட்டுப் போய் வாங்கிவந்த காலியா கப்பலை அந்த வெள்ளையர் கம்பனியே வாங்கியது என்பதுதான் இதில் மிகவும் கசப்பான செய்தி.

கப்பல் பறிபோனபோது கம்பனி சாகவில்லை. இலவசப் பயணமும் குடையும் வந்தபோது சாகவில்லை. ஒரு மனிதர் இல்லாமல் போனபோது மூன்று வருடங்களில் செத்தது.

விடுதலைக்குப் பிறகு

1912 டிசம்பர் 24 ஆம் திகதி அவர் விடுதலையானார். வரவேற்கச் சிலர் மட்டுமே வந்திருந்தார்கள். வக்கீல் தொழில் செய்யும் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். கோயம்புத்தூரில் வங்கியில் வேலை செய்தார். தொழிற்சங்க வேலைகளிலும் ஈடுபட்டார். வறுமை அவரை விடவில்லை. பிற்காலத்தில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அவருக்கு வக்கீல் உரிமத்தைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காகத் தன் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியால் வாழ்க்கையே அழிந்த மனிதர், ஒரு வெள்ளையர் செய்த நன்மையை மறக்கவில்லை.

கசப்பான காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. தன் வாழ்க்கையைச் செய்யுளில் எழுதினார். ஜேம்ஸ் அலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூல்களைத் தமிழாக்கினார். திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18 ஆம் திகதி தூத்துக்குடியில் மரணித்தார். தான் கொடுக்க வேண்டிய கடன்களை அவர் தன் மரண சாசனத்தில் குறித்து வைத்திருந்தார். கடனோடு மரணிப்பதை எவ்வளவு பாரதூரமாகப் பார்க்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட எமது சமூகம் இந்த விடயத்தில் அவரை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

எமது கடைகளுக்கு

இந்த வாழ்க்கையை நான் ஒரு தியாகியின் கதையாக மட்டும் வாசிக்கவில்லை. எமது ஊர்களில் பெரும்பாலான வியாபாரங்கள் ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கின்றன. எந்தக் கொழும்பு வியாபாரிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த வாடிக்கையாளர் எவ்வளவு கடன், எந்தக் காசோலை எப்போது வங்கிக்குப் போகும் என்பதெல்லாம் முதலாளிக்கு மட்டுமே தெரியும். 15 வருடம் வேலை செய்த ஊழியருக்குக் கூடக் கொள்வனவு விலை தெரியாது. முதலாளி நோயில் விழுந்தாலோ மௌத்தானாலோ, உயர்தரம் படிக்கும் பிள்ளை கடையில் வந்து உட்கார்கிறான். பாடசாலையில் அவனுடைய கதிரை வெறுமையாகிறது. ஆறு மாதத்தில் கடையும் போகிறது, படிப்பும் போகிறது. ஆசிரியர்களாகிய எமக்கு இந்த வெறுமையான கதிரைகள் தெரியும்.

சிதம்பரம்பிள்ளை நல்லது செய்த இடத்திலிருந்து இரண்டை எடுத்துக்கொள்ளலாம். நெருக்கடி வந்தால் சேவையை ஒரு நாளும் நிறுத்தாமல், தற்காலிக வழியாவது பிடித்து ஓட வேண்டும். ஊழியரிடமும் வாடிக்கையாளரிடமும் நிலைமையை மறைக்கக் கூடாது. 2022 இல் சம்பளத்தைத் திடீரெனக் குறைத்த முதலாளிகளும் இருந்தார்கள். கணக்கைத் திறந்து காட்டி, இந்த மாதம் இவ்வளவுதான் முடியும், நிலைமை சரியானதும் மிகுதியைத் தருவேன் என்று சொன்ன முதலாளிகளும் இருந்தார்கள். இரண்டாவது வகைக் கடைகளில் ஊழியர்கள் விட்டுப் போகாமல் நின்றதை நாம் கண்ணால் பார்த்தோம்.

அவரால் முடியாமல் போன இடத்திலிருந்து மூன்றை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, இரண்டாவது ஆளை வளர்க்க வேண்டும். அது மகனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நம்பிக்கையான ஊழியருக்கு வருடத்தில் ஒரு மாதம் கடையை முழுமையாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் முதலாளிமார் அந்த நாட்களையே இதற்கான பரீட்சையாக வைக்கலாம். இரண்டாவது, கொடுக்கல் வாங்கலை எழுத வேண்டும். கடனை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் மிக நீண்ட வசனமொன்றிலேயே கட்டளையிட்டிருக்கும்போது, எமது பஸாரில் இன்னும் வாய்ப்பேச்சில் இலட்சங்கள் கைமாறுகின்றன. மூன்றாவது, ஒரு போர் முடியும் முன் அடுத்த போரைத் தொடங்கும்போது, அதைத் தாங்கும் பணமும் ஆளும் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்திருந்தால் சுதேசிக் கம்பனி தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எதிரில் நின்றது ஒரு பேரரசு. எமக்கு முன்னால் பேரரசு இல்லை. வெள்ளமும், விலையேற்றமும், நோயும், மௌத்தும்தான் இருக்கின்றன. இவை வரும் என்பது எமக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே எமது முதலாளிமார் இந்த வாரம் ஒரு வேலையைச் செய்யலாம். நாளை நான் கடைக்கு வராவிட்டால் யார் சாவியைத் திறப்பது, யார் காசோலையில் கையொப்பமிடுவது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதி, வீட்டில் ஒருவரிடமும் கடையில் ஒருவரிடமும் கொடுத்து வைக்கலாம்.